முதலில் வண்டி, பிறகு பெயர்

ஒரு காரின் முன்னால் போய் நின்றதும் அவர் முதலில் செய்வது, வலது உள்ளங்கையைப் பொனெட்டின் மேல் வைப்பதுதான். பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கும். சூடு தெரிந்தால் கையை எடுத்துவிட்டு, "நாளைக்கு வாறன்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். காப்புறுதிக் கம்பனியிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார் என்று அறிந்தவர்கள், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருப்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. "பவுடர் பூசின முகத்தைப் பார்த்து வயசு சொல்லேலாது, பிள்ளை" என்பார்.

கொழும்புக் கோட்டையில் இருந்த ஒரு காப்புறுதிக் கம்பனியின் மோட்டார் வாகனப் பிரிவில் நான் தட்டச்சு எழுதுவினைஞராக இருந்தேன். அவர் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்; பார்க்கும் வண்டிக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலை பத்து மணியளவில் அறிக்கைகளோடு வருவார். ஐம்பதைக் கடந்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டை. கையை ஒரே ஒரு மடிப்பு மடித்திருப்பார். காற்சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய லாடக் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். கதவின் அடிப்பாகத்தில் அதை மெல்ல நகர்த்திக்கொண்டு போவார். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் சட்டென்று கைவிட்டால், அங்கே தகரம் இல்லை, துருவை மறைத்துப் புட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். முகத்துவாரத்திலிருந்து வரும் வண்டிகளில் உப்புக் காற்று தின்ற இடங்களைக் காந்தம் இல்லாமலே கண்டுபிடிப்பார். காந்தத்தை எடுப்பது, அவரே சொன்னபடி, சொந்தக்காரரின் திருப்திக்காக.

எங்கள் அறிக்கைப் படிவத்தின் முதற் கட்டம் உரிமையாளரின் பெயருக்கு உரியது. அந்தக் கட்டத்தை அவர் ஒருநாளும் நிரப்பியதில்லை. இலக்கத் தகட்டின் எண்ணையும் முகவரியையும் மட்டும் ஒரு துண்டுத் தாளில் வாங்கிக்கொண்டு போவார். வீட்டு வாசலில் யாராவது தம்மை அறிமுகப்படுத்த முனைந்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். முகாமையாளர் இதைப்பற்றி இரண்டொரு முறை குறைப்பட்டிருக்கிறார். அதற்கு அவர் ஆங்கிலத்தில் மரியாதையாக, பெயர் தமது பார்வைக்கு உட்பட்ட பாகம் அல்ல என்று பதில் சொன்னார். எனக்குச் சொன்ன காரணம் வேறு.

"பெயரைக் கேட்டிட்டால் கண் அதுக்குப் பிறகு வண்டியைப் பாக்காது, பிள்ளை. மந்திரியின்ர மச்சான் எண்டால் சேத்துப் பாக்கும். மளிகைக் கடைக்காரன் எண்டால் குறைச்சுப் பாக்கும். முதலில் வண்டி, பிறகு பெயர். பெயருக்கு ரயர் இல்லைத்தானே?"

ஆகவே அவருடைய ஒவ்வோர் அறிக்கையிலும் பெயரை எழுதியவள் நான். நீல மையில் அவருடைய சாய்ந்த எழுத்து. அதன் தலையில் என் தட்டச்சு எழுத்து. எங்கள் பதிவறையின் அலுமாரிகள் முழுவதும் இப்படி இரண்டு பேர் சேர்ந்து எழுதிய தாள்கள் இருந்தன.

அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற குடும்பப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீர்கொழும்பில் ஒருவர் சிங்களவராக இருப்பார், கொட்டாஞ்சேனையில் ஒருவர் தமிழராக இருப்பார். பெயர் இருவரையும் காட்டிக்கொடுக்காது. அலுவலகத்தில் அவர் பேசியது ஆங்கிலமும், சிங்களவரே வியக்கும் சிங்களமும். தமிழை என்னிடம் மட்டுந்தான் பேசினார், அதுவும் என் மேசைக்கு அருகில் வேறு எவரும் இல்லாதபோது. மற்றவர்கள் முன்னால் நான் "மிஸ்". தனியே "பிள்ளை". அந்தச் சொல் எனக்கு ஒரு சலுகையாக இருந்தது. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையிலிருந்து பஸ் ஏறி, நாள் முழுவதும் குரலைத் தாழ்த்தி இருந்துவிட்டுத் திரும்பும் ஒருத்திக்கு, அது எத்தகைய சலுகை என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர், எரிந்த வாகனங்களைப் பார்க்கும் பொறுப்பை வேறெந்த மதிப்பீட்டாளரும் விரும்பி ஏற்கவில்லை. அவர் ஏற்றார். வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் தெருவோரம் கிடந்த கரிக்கூடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, மற்ற வண்டிகளுக்கு எழுதும் அதே நிதானத்தோடு எழுதினார். படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு. எவரும் அதில் எழுதுவதில்லை. அவர் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரியாவது எழுதுவார். 'கதவு மூடும் ஓசை நன்று.' 'இந்த நிறத்தைத் தெரிந்தெடுத்தவருக்கு ரசனை உண்டு.' எரிந்த கார் ஒன்றுக்கு அவர் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது: 'மிகக் கவனமாகப் பேணப்பட்டிருந்தது.'

"சாம்பலில் கவனம் எப்படித் தெரிந்தது?" என்று முகாமையாளர் கேட்டார்.

பிரேக் மிதியின் இரும்பில் ஒட்டிக் கிடந்த றப்பரைச் சுரண்டிப் பார்த்ததாகவும், அது அண்மையில் மாற்றப்பட்ட புதிய றப்பர் என்றும் அவர் விடை சொன்னார். மிதி றப்பரை மாற்றுகிறவன் மற்றவற்றையும் மாற்றியிருப்பான்.

நான் சொல்லவேண்டியதற்கு இனி வருகிறேன்.

கலவரத்தால் நேரும் சேதத்துக்கான ஈடு, சாதாரண காப்புறுதிக்குள் அடங்காது. விண்ணப்பத்தில் தனியே ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று குறித்து, மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். எண்பத்து மூன்றுக்குப் பிறகு எல்லாரும் 'ஆம்' என்று குறித்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் முகாமையாளர் என்னை அழைத்தார். அவர் கெட்டவர் அல்லர்; கலவர நாட்களில் என்னைத் தமது காரில் ஏற்றி வீட்டுக்கு அருகே இறக்கிவிட்டவர். தலைமையகத்திலிருந்து வாய்மொழியாக ஒரு யோசனை வந்திருப்பதாகச் சொன்னார். தமிழர்களின் வாகனங்களுக்கு அந்த மேலதிக ஈட்டைக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். மறுக்கவும் வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, அதற்கான கட்டணத்தையும் கேட்காமல், காப்புறுதிப் பத்திரத்தைத் தட்டச்சுச் செய்து அனுப்பிவிடலாம். யார் வாசிக்கப் போகிறார்கள்?

"வெள்ளவத்தைப் பெயர்கள் எனக்கே விளங்கும், மிஸ். கொட்டாஞ்சேனைப் பெயர்கள்தான் விளங்குவதில்லை. உங்களுக்குத் தெரியும்."

ஆம், எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் இருக்கும் ஒழுங்கையின் பெயரை, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தை, சாட்சிக் கையெழுத்திட்டவரை வைத்து, ஒரே குடும்பப் பெயருடைய ஆறு பேரில் இன்ன இருவர் தமிழர் என்று என்னால் சொல்ல முடிந்தது. கோப்பின் வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், எறும்பின் தலையளவில். வேலையை இழந்துவிடுவேனோ என்ற பயம் இருந்தது. தந்தை ஓய்வு பெற்றிருந்தார், இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பயத்தின்மேல் மட்டும் பழியைப் போட நான் விரும்பவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்பதில் எனக்குச் சிறு பெருமையும் இருந்தது. ஒரு புள்ளியேனும் தவறியதில்லை.

ஒருநாள் அவர் என் மேசையிலிருந்த கோப்பின் மூலையில் விரலை வைத்தார்.

"இதென்ன பிள்ளை, புள்ளி?"

"அடுக்கிறதுக்கு, அங்கிள். ஃபைல் ஒழுங்குக்கு."

"எல்லா ஃபைலுக்கும் இல்லைப்போல."

"இப்பதான் தொடங்கியிருக்கு."

"ஓ" என்றார். விரலை எடுத்துக்கொண்டார்.

அவர் வாழ்நாளில் ஆசைப்பட்டது ஒரே ஒரு காருக்குத்தான். இரண்டே கதவுகள் கொண்ட, நீண்ட முகமுடைய அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர். ஸ்டியரிங் இடது பக்கம். தூதரகத்தில் இருந்த ஒருவர் கொண்டுவந்து விட்டுப்போனது; பல ஆண்டுகளில், மூன்று உரிமையாளர்களின் கீழ், மூன்று முறை அதை அவரே மதிப்பிட்டிருந்தார். மூன்று அறிக்கைகளையும் நான் பதிவறையில் தேடி வாசித்திருக்கிறேன். முதலாவதன் குறிப்பில், 'இந்த எஞ்சினின் கீழ்ச்சுருதியைக் கேட்டவர் வேறொன்றில் திருப்தி அடையார்' என்றிருந்தது. மூன்றாவதில், 'இதைப் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றப் பயன்படுத்துவது அநியாயம்'.

பின்னர் அது கண்ணில் படவில்லை. ஹெந்தளையில் வேறொரு வான் வண்டியைப் பார்க்கப் போனவர், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் அதைக் கண்டார். பின்னாசனத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம்.

"பொனெட்டில கையை வைச்சன், பிள்ளை. குளிர்ந்து கிடந்துது. சரியான குளிர். எத்தினையோ வருசம் ஓடேல்லை." சொல்லும்போது அவருடைய உள்ளங்கை என் மேசையின்மேல் விரிந்திருந்தது. "கோழி பொரிக்கும்வரைக்கும் பொறுக்கச் சொன்னாங்கள். பொறுத்தன்."

வாகனங்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றில் நான்கு ஆண்டுத் தவணைக்குக் கடன்பட்டு அதை வாங்கினார். மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்று சிரித்தார். எட்டு மாதம் ஞாயிறு பூசைக்குப் பிறகு நாள் முழுவதும் அதன் அடியில் கிடந்து, கரும்பச்சை நிறம் பூசி, ஒரு வெள்ளிக்கிழமை காப்புறுதி விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்கு ஓட்டிவந்தார். விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "அஞ்சு மணிக்கு நில்லுங்கோ. வெள்ளவத்தைக்கு நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

அந்தப் பயணத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். காலிமுகத்திடலைக் கடக்கையில் எஞ்சினின் முழக்கம் காதால் கேட்பதாக அன்றி, இருக்கையின் ஊடாக முதுகில் தெரிந்தது. கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். நான் வழக்கம்போல் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துப் பிடித்தேன். ஓட்டுநர் என்று நினைத்து என் பக்கம் வந்த இராணுவ வீரன், முன்னால் ஸ்டியரிங் இல்லாமல் நான் அமர்ந்திருப்பதைக் கண்டு திகைத்து, பிறகு சிரித்துவிட்டான். சுற்றி ஓடி அவர் பக்கம் போனான்.

"சிலிண்டர் கீயத, அங்கிள்?" எத்தனை சிலிண்டர் என்று கேட்டான்.

"அட்டயி, புத்தா." எட்டு, மகனே.

அவன் கூவி மற்றவர்களை அழைத்தான். நால்வர் வந்தார்கள். துப்பாக்கிகளை முதுகுக்குத் தள்ளிவிட்டு, அவர் திறந்து காட்டிய எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். ஒருவன் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். ஒருமுறை முடுக்கிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள், முடுக்கிக் காட்டினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹோர்ன் அடித்தபோதுதான் எங்களை விட்டார்கள். என் அட்டை கையிலேயே இருந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு சாவடியில் எவரும் என் பெயரைக் கேட்காதது அன்று ஒருமுறைதான்.

"பாத்தீங்களா, பிள்ளை?" என்றார், பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு. "முதலில் வண்டி."

திங்கட்கிழமை காலையில் அவருடைய விண்ணப்பத்தைக் கோப்பில் இட்டேன். அவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. அவரை யாரும் தமிழர் என்று நினைத்திருக்கவில்லை. முகாமையாளரே அவரோடு சிங்களத்தில் பகிடி விடுகிறவர். புள்ளி வைக்காமல் விட்டிருந்தால் எவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார். நான் அதை அறிந்தே இருந்தேன். எனினும், இதே குடும்பப் பெயருடைய மற்றவர்களுக்கு வைத்துவிட்டு இவருக்கு வைக்காமல் விட்டால், ஒருநாள் யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று தோன்றியது. நேர்மை என்றுகூட அதற்கு ஒரு பெயர் கொடுத்தேன். பென்சிலைக் கூராக்கினேன். புள்ளியை வைத்தேன். அவர் தமிழர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் என்னோடு தமிழில் பேசியதால்.

பத்திரத்தை நானே தட்டச்சுச் செய்தேன், அந்த ஒரு வரி இல்லாமல். அதை அவரிடம் கொடுத்தபோது உறையைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்தார்.

"வாசிச்சுப் பாருங்கோ, அங்கிள்" என்றேன். அவ்வளவு சொன்னேன்; அதற்குமேல் சொல்லவில்லை.

"நீங்கள் அடிச்சதை நான் ஏன் வாசிக்க?"

அடுத்த ஆண்டில், நகரில் ஒரு குண்டு வெடித்ததற்கு மறுநாள், கொட்டாஞ்சேனையின் ஓர் ஒழுங்கைக்குள் நடுப்பகலில் சிலர் வந்து இரண்டு வாகனங்களைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். எண்பத்து மூன்றைப்போல ஊர் எரியவில்லை. பத்திரிகைகளில் அது வரவும் இல்லை. ஒன்று பக்கத்து வீட்டு வான். மற்றது அவருடையது.

நான்காம் நாள் அவர் முகாமையாளரின் முன்னால் அமர்ந்திருந்தார். கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். முகாமையாளர் அலுவலகப் பிரதியை ஒருமுறை வாசித்தார். திருப்பி மறுபடி வாசித்தார்.

"இதில் கலவர ஈடு இல்லையே. உங்களுக்கு எப்படி இல்லாமல் போனது? நீங்கள்…"

முகாமையாளரின் பார்வை கோப்பின் மூலைக்குப் போய் நின்றது. பின்னர், நினையாமலே, என் முகத்துக்கு வந்தது. எதிரில் இருந்தவர், வாழ்நாள் முழுவதும் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகியவர், அந்தப் பார்வை போன வழியே தானும் போனார். மூலை. புள்ளி. நான்.

எழுந்து, முகாமையாளருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். இல்லாத காருக்கு அவர் இன்னும் மூன்று ஆண்டு தவணை கட்டவேண்டியிருந்தது.

மறு வாரம், வழக்கமான பத்து மணிக்கு, வழக்கமான அறிக்கைகளோடு வந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று தனியாக இருந்தது. தமது காரை அவரே மதிப்பிட்டிருந்தார். யாரும் அப்படி ஓர் அறிக்கையைக் கேட்கவில்லை; அதனால் ஒன்றும் ஆகப்போவதும் இல்லை. ஒவ்வொரு பாகமாக, குறைக்காமல், கூட்டாமல் எழுதியிருந்தார். பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. வலது மேல் மூலையில் ஒரு புள்ளி இருந்தது. நீல மையில்.

அருகில் எவரும் இல்லை. இருந்தும் என்னை அவர் வேறு விதமாக அழைத்தார்.

"பெயர் மட்டும் அடிச்சால் போதும், மிஸ். புள்ளியை நானே வைச்சிட்டன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் அதற்கு இடம் விடாமல் போய்விட்டார். குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்: 'வண்டியில் குறை ஏதும் இல்லை. உரிமையாளர் பத்திரத்தை வாசிக்கவில்லை.'

அன்றோடு நான் புள்ளி வைப்பதை நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. முகாமையாளர் மாற்றலாகிப் போகும்வரை, ஏறத்தாழ ஓராண்டு, வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் அறிக்கைகளோடு வந்துகொண்டுதான் இருந்தார். பெயர்க் கட்டத்தை அப்போதும் வெறுமையாகவே விட்டார், நான் நிரப்பினேன். தனியாக இருக்கையில் ஆங்கிலத்தில் பேசினார். அவர் வாயிலிருந்து தமிழை நான் மறுபடி கேட்கவில்லை. பிறகு ஒரு காலத்தில் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தமது காருக்கு அவர் எழுதிய அந்த அறிக்கையை நான் கோப்பில் இடவில்லை. என்னிடம் இருக்கிறது. பெயர்க் கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. இதை வாசிக்கும் கொட்டாஞ்சேனைக்காரர் யாரேனும், இவர் இன்னார்தானே என்று கேட்கக்கூடும். கேட்டாலும் நான் சொல்லமாட்டேன். அவர் யாரென்று, கேட்காதவர்களுக்கே ஒருமுறை சொன்னவள் நான்.